பதில் சொல்லாத பெட்டி

அத்தியாயம் பதினாறு

துறைமுக வாசலைத் தாண்டி வெளியே வரும்போது யேசுரட்ணத்துக்குக் கால் இரண்டும் தன்னுடையவை போலவே இருக்கவில்லை. இரவு முழுக்கக் கப்பல் தட்டில் நின்று கொள்கலன்களுக்கு இரும்புக் கம்பி பூட்டி முறுக்கியவருக்கு, வயது ஐம்பத்தெட்டு என்பது காலையில்தான் ஞாபகம் வரும். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து முகம் கழுவி, மனைவி அருள்நாயகி போட்டுவைத்த புட்டில் கை வைத்தார். கை வைத்ததோடு சரி.

"அப்பா, உடுப்பை மாத்துங்கோ. வெள்ளவத்தைக்குப் போகோணும்."

மகள் றேணுகா லப்டொப் பையோடு வாசலில் நின்றாள். தலைமயிரைக்கூட ஒழுங்காக வாரி இழுக்கவில்லை.

"சாப்பிட்டிட்டு வாறனே, பிள்ளை?"

"ஆறு மணியில இருந்து அந்தத் தொடர்மாடிக்குத் தண்ணி ஏறேல்லையாம். எங்கட பெட்டி நிண்டு போச்சு."

எங்கட பெட்டி என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் எழும்பினார்.

கம்பனி வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, முன் அறையில் ஒரு மேசையைப் போட்டு, தானே தொழில் செய்யப் போகிறேன் என்று இவள் வந்து நின்ற கூத்தைப் போன வாரம் பார்த்தோம். தாய் மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். அதோடு சண்டை முடிந்தது.

அவள் செய்யும் பெட்டி ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே விரல் நீளத்தில் ஒரு போர்டு. அந்தப் போர்டுக்குள் றேணுகா லப்டொப்பில் எழுதி ஏற்றிய புரோகிராம். மேல் டாங்கியில் தண்ணீர் குறைந்தால் மோட்டரைப் போடும், நிறைந்தால் நிற்பாட்டும். போர்டும் புரோகிராமும் அவள் பாடு. மூடியைத் திருகாணி பூட்டி, கடல் காற்று உள்ளே போகாமல் சுற்றிவர சிலிக்கன் பூசி அடைப்பது யேசுரட்ணத்தின் பாடு. இரவு வேலை முடிந்து வந்து, கண் எரிய எரிய, அந்த வேலையை ஒரு நாளும் அவர் அரைகுறையாகச் செய்ததில்லை.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அந்த ஆறு மாடிக் கட்டடம் நின்றது. வாசலிலேயே காவற்காரன் றொஹான் காத்திருந்தான்.

"வத்துர நெஹே, மிஸ்," என்றான், வெறும் வாளியைத் தூக்கிக் காட்டி.

பின்னால் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மாடிக் குழுவின் செயலாளர்.

"பிள்ளை, இருபத்திநாலு வீடு. நாலாம் மாடியில கௌரியின்ர மனுசன் செத்து இண்டைக்கு முப்பத்தோராம் நாள். ஐயர் வந்து குந்தியிருக்கிறார். அரிசி களையத் தண்ணியில்லை."

"பாக்கிறன் அங்கிள்."

"பாரும். பன்னிரண்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் வாறார். வந்து உம்மட பெட்டியைக் கழட்டிப்போட்டுப் பழையபடி சுவிச் போடுவார். நான் சொல்லீட்டன்."

"அதுக்குள்ள சரிவந்தா?"

"வந்தாப் பாப்பம்." கிட்ட வந்து குரலை இறக்கினார். "குழுவில எல்லாரும் வேண்டாமெண்டவை. நான்தான் எங்கட பிள்ளை ஒண்டு செய்யுது, செய்யட்டும் எண்டனான். இப்ப நான் படியில இறங்க ஏலாமல் இருக்கு."

றேணுகா படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். இவள் பெட்டி வைத்த முதல் தொடர்மாடி இது. இங்கே பெட்டி கழன்றால் ஒழுங்கை முழுக்கத் தெரிய அரை மணித்தியாலம் காணும். பிறகு எந்த மாடியும் இவளுக்குக் கதவு திறக்காது.

மோட்டர் அறை படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம், இரண்டு பேர் நிற்க முடியாது. றொஹான் மெயின் சுவிச்சை அணைத்தான். றேணுகா சுவரோரம் சப்பாணி கொட்டி உட்கார்ந்து, லப்டொப்பை மடியில் வைத்து, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்னத் துவாரத்தில் கேபிளைச் செருகினாள். துவாரத்துக்குள்ளே சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

"வெளிச்சம் வருதே," என்றார் யேசுரட்ணம்.

"கரண்ட் போகுது எண்டு மட்டும்தான் அதுக்கு அர்த்தம். உயிர் இருக்கோ எண்டு கேட்டுத்தான் தெரியும்."

கேட்டாள். லப்டொப்பில் என்ன பூட்டினாலும் அதற்கு ஒரு நம்பர் விழ வேண்டும்; அந்த நம்பரில்தான் இரண்டும் கதைக்கும். நம்பர் விழவில்லை. கழற்றிப் பூட்டினாள். லப்டொப்பை அணைத்துப் போட்டாள். விழவில்லை. கேபிளை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இது உங்கட போன் சார்ஜர் கேபிள் அப்பா. அவசரத்தில மாறி எடுத்திட்டன். இதால கரண்ட் மட்டும்தான் போகும், கதை போகாது."

"நான் வாங்கியாறன்."

காலி வீதிக்கு நடந்தார். வெயில் ஏறிவிட்டது. போன் கடை பௌஸி ஒரு கேபிளைத் தூக்கிப் போட்டார்.

"இந்தாங்க அண்ணன். நல்லா சார்ஜ் ஏறும்."

"சார்ஜ் வேண்டாம் தம்பி. லப்டொப்பும் போர்டும் கதைக்கோணும்."

"அப்ப டேட்டா போறது. அதச் சொல்லுங்களே." பௌஸி வேறொன்றை எடுத்தார். "ஒங்க வயசுக்கு லப்டொப்பெல்லாம் கதைக்க வைக்கிறீங்க. எனக்கு வீட்டில பொஞ்சாதியோட கதைக்கவே வழியில்ல."

மற்ற நேரமென்றால் யேசுரட்ணம் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார். இன்று காசை வைத்துவிட்டு நடந்தார். திரும்பி வந்து படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நித்திரையில் கண் செருகியது.

இந்த முறை நம்பர் விழுந்தது. றேணுகாவின் முகம் வெளித்தது. அடுத்த நிமிடமே இருண்டது.

"என்னவாம்?"

"அந்த நம்பரை வேற யாரோ பிடிச்சு வச்சிருக்கினமாம்."

"இதுக்குள்ள வேற யார்?"

"நான்தான். திரையில பின்னால இன்னொரு ஜன்னல் திறந்தபடி கிடக்கு. ஒரு நேரத்தில ஒருத்தர்தான் கதைக்கலாம்." மூடினாள். புரோகிராமைத் திரும்ப ஏற்றிப் பார்த்தாள். திரையில் புள்ளி புள்ளியாக ஓடியது. நின்றது. சிவப்பில் ஒரு வரி வந்தது.

"இப்ப என்ன?"

"பதில் இல்லையாம்."

கதைக்கிற வேகத்தை மாற்றினாள். பதில் இல்லை. பழைய ரகப் போர்டு, புது ரகப் போர்டு என்று பட்டியலில் மாற்றி மாற்றி எடுத்தாள். பதில் இல்லை. ஒவ்வொரு முறையும் புள்ளிகள் ஓடுவதைத் தகப்பனும் மகளும் மூச்சுப் பிடித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே சிவப்பு வரி. பத்து முறை வரை யேசுரட்ணம் எண்ணினார். பிறகு விட்டுவிட்டார்.

மேலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "றொஹான்! இன்னும் எவ்வளவு நேரம்?"

"நேரா வயரைப் பூட்டி விட்டா மோட்டர் ஓடாதோ, பிள்ளை?" என்றார் யேசுரட்ணம்.

"மூண்டு பேஸ் கரண்ட் அப்பா. நான் தொடக்கூடாது. அதுக்குத்தான் பன்னிரண்டுக்கு ஆள் வருது."

மணி பத்தே முக்கால்.

பையிலிருந்து மாற்றுப் போர்டு ஒன்றை எடுத்தாள். பெட்டியில் இருந்த கேபிளைக் கழற்றி அதில் செருகினாள். திரையில் எழுத்துகள் கொட்டின. கேள்விக்குறிகள், சதுரங்கள், தலை வேறு வால் வேறாக ஏதேதோ.

"இது என்ன பாஷை?"

"பாஷை இல்லை. இது கதைக்கிற வேகம் ஒண்டு, லப்டொப் கேக்கிற வேகம் ஒண்டு. அதான் இப்பிடிக் கிடக்கு."

யேசுரட்ணம் நாற்பது வயது தாண்டி, கோயில் வகுப்பில் குந்தி எழுத்துப் படித்தவர். அதற்கு முன்னர் பஸ் நெற்றியில் எழுதியிருந்ததெல்லாம் அவர் கண்ணுக்கு இப்படித்தான் தெரிந்தது. மகள் ஓர் எண்ணை மாற்றினாள். சதுரங்கள் போய், வரிவரியாக ஒழுங்கான எழுத்து வந்தது. தனக்கு அப்படி ஒரு சொடுக்கில் மாறவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப லப்டொப் சரி, கேபிள் சரி, நான் சரி," என்றாள் றேணுகா. "பிழை பெட்டிக்குள்ளதான். திறக்கோணும்."

அந்தச் சொல் விழுந்ததும் யேசுரட்ணத்தின் நித்திரை பறந்தது.

பெட்டிக்குள் போர்டு மட்டும் இருக்கவில்லை. அது அவருக்கும் அருள்நாயகிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். செவ்வாய்க்கிழமைகளில் அவள் அந்தோனியார் கோயிலுக்குப் போவாள். வரும்போது விரல் நக அளவில் ஒரு அலுமினியப் பதக்கம், பீடத்தில் நிற்கும் சுருவத்தின் காலில் தொட்டு, கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவருவாள். "பிள்ளை வேலையை விட்டிட்டு நிக்கிறாள். வீட்டை விட்டுப் போற பெட்டி வெறுமனே போகக்கூடாது. அவளுக்குச் சொல்லாதேங்கோ, சிரிப்பாள்." துறைமுகத்தில் தலைக்கவசத்துக்குள் பதக்கம் ஒட்டாமல் கப்பலில் ஏறுகிறவர் யார்? அவரும் அதில் ஒரு பிழையைக் காணவில்லை. மூடியின் உள்பக்கத்தில், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பில் ஒட்டி, மூடியைப் பூட்டிச் சுற்றிவர சிலிக்கன் பூசி அடைத்துவிட்டார்.

இந்த அறையின் வேக்காட்டில் அந்த டேப் எத்தனை நாள் தாங்கியிருக்கும்?

"கத்தியைத் தாங்கோ அப்பா."

"நான் திறக்கிறன்."

"ஏன், நானே..."

"நான் பூசினது. எங்க வெட்டினா வருமெண்டு எனக்குத்தான் தெரியும். நீ வெளியில நில்லு, காத்து எடு."

அவள் ஒதுங்கி நின்றாள். ஆனால் லப்டொப்பைக் கையில் ஏந்தி, கேபிளைத் திரும்பப் பெட்டியில் செருகிவிட்டுத்தான் ஒதுங்கினாள். யேசுரட்ணம் முதுகால் அவளை மறைத்துக்கொண்டு சிலிக்கனை வெட்டித் திருகாணிகளைக் கழற்றினார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவரிடம், அந்தோனியாரே இண்டைக்கு மட்டும் ஒருத்தற்றை கண்ணிலும் படாதையும் என்று மன்றாடினார்.

மூடியைத் தூக்கினார். பதக்கம் மூடியில் இல்லை. கீழே விழுந்து, போர்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஊசிக் கால்களில் இரண்டின்மேல் குறுக்கே படுத்துக் கிடந்தது.

இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் மடக்கினார். மூடியைக் குப்புற நிலத்தில் வைத்தார்.

அந்த நொடியே போர்டில் இன்னொரு வெளிச்சம் மினுங்கத் தொடங்கியது.

"அப்பா! கதைக்குது!" றேணுகாவின் கையில் திரை வரிவரியாக ஓடியது. "டாங்கி குறைவு எண்டு சொல்லுது. மோட்டரைப் போடு எண்டு சொல்லுது. றொஹான், மெயின் எக்க தான்ன!"

றொஹான் சுவிச்சைத் தட்டினான். மோட்டர் ஒருமுறை முனகி, பிறகு சீராக இரைந்தது. குழாய்களுக்குள் காற்று உருளும் சத்தம் மாடி மாடியாக ஏறிப் போனது. கொஞ்ச நேரத்தில் மேலே யாரோ கை தட்டினார்கள்.

"வத்துர ஆவா!" என்று கத்திக்கொண்டு றொஹான் படியேறி ஓடினான்.

ஸ்ரீஸ்கந்தராசா வேட்டி நுனியைப் பிடித்தபடி இறங்கி வந்தார். முகத்தில் காலையில் இருந்த பாரம் இல்லை. "நான் சொன்னனான் தானே! எலக்ட்ரீஷியனுக்குப் போன் பண்ணி வரவேண்டாமெண்டு சொல்லுறன். என்ன பிழை, பிள்ளை?"

றேணுகா பெட்டியையே பார்த்தாள்.

"அப்பா, என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்ல. மூடியைத் தூக்கினன்."

"வேற?"

"வேற என்ன? தூக்கினன், வந்திட்டுது."

"சரி பிள்ளை, வந்ததுதானே வேணும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா போனை எடுத்தபடி.

"அங்கிள், எலக்ட்ரீஷியனை நிற்பாட்டாதேங்கோ."

"ஏன்?"

"என்ன பிழையெண்டு எனக்குத் தெரியாது. ஒண்டும் செய்யாமச் சரிவந்தா, ஒண்டும் செய்யாமத் திரும்பப் பழுதாப் போகும். நாளைக்கு விடிய நாலு மணிக்கு நிண்டா? டாங்கி நிறைஞ்ச பிறகும் மோட்டர் நிக்காமல் ஓடினா?" அவள் குரல் தளர்ந்தது. "என்ர புரோகிராமிலதான் எங்கையோ பிழை. கண்டுபிடிக்கும் வரைக்கும் இதை இங்க விட்டிட்டுப் போகமாட்டன். அவர் வந்து கழட்டட்டும். பழைய சுவிச்சைப் போடுங்கோ."

"கழட்டினா குழு திரும்பப் பூட்ட விடாது, பிள்ளை. யோசிச்சுக் கதையும்."

"தெரியும் அங்கிள்."

யேசுரட்ணம் மகளைப் பார்த்தார். இனி இவள் இரவு இரவாக மேசையில் குந்தி, இல்லாத பிழையைத் தேடுவாள். தான் எழுதிய ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுவாள். கம்பனிக்கே திரும்பிப் போகவும் கூடும். கையை மூடியே வைத்திருந்தால் போதும். இது ஒருவருக்கும் தெரிய வராது.

பதக்கம் உள்ளங்கையில் சுட்டது. மோட்டர் அறைச் சூடாகவும் இருக்கலாம்.

"உன்ர புரோகிராமில ஒரு பிழையும் இல்லை, மகள்," என்றார். கையை விரித்தார். "இது அதுக்கு மேல கிடந்தது. நான்தான் வச்சனான்."

மூவரும் அந்தச் சின்ன வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் கையில் குழந்தையோடு அந்தோனியார் நின்றார்.

றேணுகா குனிந்து குப்புறக் கிடந்த மூடியைத் திருப்பினாள். உள்பக்கத்தில் டேப்பின் தடம் வட்டமாக இருந்தது. பெட்டியைப் பார்த்தாள். "எந்த இடத்தில கிடந்தது?"

விரலால் காட்டினார்.

"இந்தக் காலும் பக்கத்துக் காலும்..." மூச்சை இழுத்து விட்டாள். "இது ரெண்டும் முட்டினா, முதல்ல இருந்து தொடங்கு எண்ட பட்டனை ஆரோ அமத்திப் பிடிச்ச மாதிரி அப்பா. பாவம், விடிஞ்சதில இருந்து எழும்பப் பாத்திருக்கும். எழும்ப விட்டாத்தானே கதைக்கும்."

ஸ்ரீஸ்கந்தராசா மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "ஓய், எங்கட பிள்ளையார் படம் அந்தா, சுவரில தொங்குது. இருபது வருசமாத் தொங்குது. மோட்டருக்கு உள்ளுக்கோ கொண்டுபோய் வச்சனாங்கள்?"

அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"சரி. எலக்ட்ரீஷியன் வரட்டும், பழைய சுவிச்சையும் பக்கத்தில பூட்டட்டும். பெட்டி இருக்கட்டும். ஆனா ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில நீர் வந்து இதைச் சொல்லோணும், யேசுரட்ணம். பிள்ளை இல்லை, நீர்."

"வாறன் ஐயா."

ஸ்ரீஸ்கந்தராசா படியேறிப் போன பிறகு றேணுகா பெட்டியைத் தானே மூடினாள். திருகாணிகளைத் தானே முறுக்கினாள். சிலிக்கன் குழாயைத் தகப்பன் எடுத்து நீட்டினார். அவள் வாங்கித் தானே பூசினாள். கோடு கோணலாக வந்தது. அதை நிமிர்த்த நீண்ட விரலை யேசுரட்ணம் மடக்கிக்கொண்டார்.

"இனிப் பெட்டியை நீங்கள் மூடவேண்டாம் அப்பா."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் ஏசவில்லை.

"அம்மாவும் சேந்துதானே?" என்று கேட்டாள்.

"ஓம்."

லப்டொப்பைப் பைக்குள் வைத்தவள், கை பைக்குள் இருக்கும்போதே நிமிர்ந்தாள்.

"எத்தினை பெட்டிக்குள்ள வச்சனீங்கள்?"

அவர் சிலிக்கன் குழாயின் மூடியைத் திருகினார்.

"அப்பா. பதினொரு பெட்டி வெளியில இருக்கு. எத்தினைக்குள்ள?"

"ஒண்டையும் விடேல்ல, மகள்."

றேணுகா அப்படியே படியில் உட்கார்ந்தாள். விரல் மடித்து எண்ணினாள். கிருலப்பனையில் இரண்டு, தண்ணீர்ப் பெட்டி. கொலன்னாவையில் மூன்று, அதுவும் தண்ணீர். மற்றவையும் அப்படித்தான். "தண்ணி நிண்டாச் சனம் சத்தம் போடும். எங்களுக்குத் தெரிய வரும்," என்று தனக்குத்தானே சொன்னாள். எண்ணிக்கொண்டு போன விரல் ஒன்றில் நின்றது.

"பொரளை," என்றாள்.

"அங்க டாங்கி இல்லையே. டாக்டர் உஷாந்தின்ர டிஸ்பென்சரி தானே?"

"ஓம். மருந்து வைக்கிற பிரிஜ்ஜுக்குச் செய்த பெட்டி. சீனி வருத்தக்காரரின்ர இன்சுலின் முழுக்க அதுக்குள்ள. குளிர் குறைஞ்சா அந்தப் பெட்டி கத்தோணும். அதுதான் அதின்ர ஒரே வேலை."

"அப்ப கத்தும் தானே?"

"இது கிடந்த மாதிரி அதுவும் கிடந்தா?" அவள் போனை எடுத்து அவசர அவசரமாக நம்பரைத் தேடினாள். "அது கத்தாது அப்பா. கத்தேல்ல எண்டபடியால் எல்லாம் சரியெண்டு அவை நினைச்சுக்கொண்டு இருப்பினம்."

யேசுரட்ணம் சுவரைப் பிடித்து எழும்பி, பையைத் தோளில் மாட்டினார். மகள் தடுக்கவில்லை. ஒழுங்கை முனையில் ஒரு ஓட்டோவை மறித்து இருவரும் ஏறினார்கள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி றேணுகா "பொரளை, இக்மனட்ட" என்று சாரதியை அவசரப்படுத்தினாள்.

அந்தப் பக்கம் மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் அடித்து ஓய்ந்தது. பம்பலப்பிட்டி தாண்டும்வரை யாரும் எடுக்கவில்லை.